கண் விழித்த முதல் 45 நிமிடம்: எச்சிலில் கார்டிசோல் அளக்கும் முறை

ரத்தத்தில் ஓடும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலில் 90 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூளைக்குள்ளும் வெள்ளணுக்களுக்குள்ளும் நுழைந்து வேலை செய்வது ஒட்டாமல் மிஞ்சும் பகுதிதான். எச்சிலில் இறங்குவதும் அதுவே. எலிகளில் இதற்கு இணையான கார்ட்டிகோஸ்டீரோன் மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸில் போய்த் தங்குவதை 1968-ல் நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்யூவன் காட்டினார். மன அழுத்த ஆய்வு மூளைக்குள் கால்வைத்த இடம் என்றே அதைச் சொல்லலாம்.

தூங்கி எழுந்ததும் கார்டிசோல் வேகமாக ஏறி, 30 முதல் 45 நிமிடத்துக்குள் உச்சம் தொடும். அளக்க வேண்டியது இந்த ஏற்றத்தை. அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஆய்வகம் அல்ல, கடிகாரம்.

யாரைச் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு இன்ஹேலர், ஸ்டீராய்டு தோல் களிம்பு பயன்படுத்துவோரின் அளவுகளை நம்ப முடியாது. ஹைட்ரோகார்டிசோன் என்பது கார்டிசோலேதான்; அந்தக் களிம்பு பூசிய விரல் எச்சில் சேகரிக்கும் குழாயின் வாயில் பட்டாலே போதும், எண் எகிறிவிடும். கருத்தடை மாத்திரையும் இரவுப்பணியும் இந்த ஏற்றத்தை மாற்றக்கூடியவை, கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவே குழாய்களுக்கு எண்ணிட்டு, கடிகாரத்தோடும் குறிப்புத்தாளோடும் தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். எழுத்து, குளிரில் அழியாத மையில் இருக்கட்டும்.

கண் விழித்த உடனே, படுக்கையை விட்டு இறங்கும் முன் முதல் மாதிரி. பிறகு 30-ஆம் நிமிடம், 45-ஆம் நிமிடம். வசதியிருந்தால் 15, 60 ஆகியவற்றையும் சேர்க்கலாம். கடைசி மாதிரி முடியும்வரை சாப்பாடு, காபி, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. பல் துலக்கவும் கூடாது: ஈறில் கசியும் ரத்தத்தில் கார்டிசோல் மிக அதிகம், துளி கலந்தாலும் அளவு பொய்யாக உயரும். சிவப்போ பழுப்போ தெரியும் மாதிரியை ஒதுக்கிவிடுங்கள்.

முதல் மாதிரி 15 நிமிடம் தாமதித்தால், ஏற்றம் ஏற்கெனவே பாதி வழியில் இருக்கும். தொடக்க எண் பெரிதாகவும் உயர்வு சிறிதாகவும் தெரியும். களைத்துப்போனவர்கள்தான் அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுப்பார்கள். "சோர்ந்தவர்களுக்கு ஏற்றம் மந்தம்" என்ற முடிவு அந்தத் தாமதத்திலிருந்தே முளைத்துவிடலாம். ஆகவே விழித்த நேரத்தையும் ஒவ்வொரு மாதிரியின் நேரத்தையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். திறந்த நேரத்தைப் பதியும் மின்னணு மூடி கிடைத்தால் இன்னும் நல்லது, மனிதர்கள் எழுதும் நேரம் எப்போதும் கொஞ்சம் அழகாகவே இருக்கும். ஒரே நாள் போதாது. குறைந்தது 2 வேலைநாட்கள் வேண்டும்.

எச்சிலைச் சேகரிக்கப் பஞ்சை மெல்வது எளிது. ஆனால் அதே மாதிரியில் எதிர்ப்புப் புரதமான ஐஜிஏவையும் அளப்பதாக இருந்தால் பருத்திப் பஞ்சு வேண்டாம், அளவைக் கெடுக்கும். தலையைக் குனிந்து, ஊறும் எச்சிலைத் தானாகக் குழாயில் வழியவிட வேண்டும், சுமார் 1 மில்லிலிட்டர். எச்சில் ஊறும் வேகம் கார்டிசோலைப் பாதிக்காது, ஐஜிஏவைப் பாதிக்கும். அதனால் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் குறியுங்கள்.

மாதிரிகள் உடனே குளிர்பதனப் பெட்டிக்கும், பிறகு மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசருக்கும் போகட்டும். உறைய வைப்பதில் ஒரு கூடுதல் பயனும் உண்டு: உருக்கி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றும்போது எச்சிலின் கொழகொழப்பான புரதமான மியூசின் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் உறிஞ்சி, ஒருவரின் எல்லா மாதிரிகளையும் ஒரே ஆய்வகப் பரிசோதனைத் தட்டில் பரிசோதியுங்கள். அப்போது தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாடு அவருடைய ஏற்றத்தோடு கலக்காது.

கணக்கு சுலபம். மூன்று அளவுகள் லிட்டருக்கு 10, 16, 15 நானோமோல் என்று வையுங்கள். முதல் 30 நிமிடத்தின் சராசரி 13, அதை 30-ஆல் பெருக்கினால் 390. அடுத்த 15 நிமிடத்தின் சராசரி 15.5, அதை 15-ஆல் பெருக்கினால் 232.5. மொத்தம் 622.5. தொடக்க அளவான 10-ஐ 45 நிமிடத்தால் பெருக்கி வரும் 450-ஐக் கழித்தால் 172.5. 622.5 என்ற எண் அந்தக் காலை சுரந்த மொத்தத்தையும், 172.5 என்ற எண் விழிப்புக்குப் பின் வந்த உயர்வையும் காட்டும். இரண்டையும் தனித்தனியே அட்டவணையில் கொடுங்கள். ஆய்வகம் மைக்ரோகிராமில் தந்தால், டெசிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது லிட்டருக்கு 27.6 நானோமோல்.