பதின்வயதினரைப் பற்றி எழுத உட்காரும்போது

இந்த மாதம் என் மேசைக்கு வந்த மூன்று கட்டுரைகளில் இரண்டு, ‘இன்றைய இளைய தலைமுறை செல்போனுக்கு அடிமையாகிக் கிடக்கிறது’ என்று தொடங்கின. இரண்டையும் எழுதியவர்களுக்கு வயது 22. மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தத் தலைமுறையே அவர்கள்தான். முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். ‘செல்போன்’ இருந்த இடத்தில் ‘டிவி’ என்று இருந்தது, மற்றபடி அதே வாக்கியம். சரி, திட்டுவதைவிட, நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தப்புகளை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சிறார்களின் பெயரைப் போடாதே, முகத்தைக் காட்டாதே என்பதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஹார்மோன்

இந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போகாதீர்கள். நீங்கள் எழுதும் பையனின் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். கேளுங்கள்.

‘25 வயது வரை மூளை முழுசாக வளராது’

இது ஹார்மோனின் படித்த தம்பி. பாதி உண்மை இருப்பதால் இன்னும் ஆபத்து. திட்டமிடுவதற்கும் அடக்கிக்கொள்வதற்கும் உதவுகிற, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரைக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது சரி. ஆனால் 25-ஆவது பிறந்தநாளன்று யாரும் வந்து சுவிட்ச் போடுவதில்லை. பதற்றமில்லாமல், யோசிக்க நேரம் கொடுத்தால், 16 வயதுக்காரர்கள் ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கே நிதானித்து முடிவெடுக்கிறார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். சகாக்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து தெளிவாகக் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆகவே ஒரு விபத்தைப் பற்றி எழுதும்போது ‘இளங்கன்று பயமறியாது’ என்று பழமொழியை எடுத்து விடுவதற்கு முன்னால், வண்டியில் கூட யார் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். அதில்தான் செய்தி இருக்கும்.

அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் எழுதுவது

மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவேன். இதை என்னால் இன்னும் முடியவில்லை. ஏனென்றால் செய்தவன் நான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். போன் வழியாக ஏதோ ஒரு சவால் விளையாட்டு சுற்றுகிறது, பிள்ளைகளை ஆபத்தான காரியங்கள் செய்யச் சொல்கிறது என்று பேச்சு கிளம்பியது. ஒரே நாளில் முடித்தேன். ஒரு மனநல ஆலோசகர், ஓர் அதிகாரி, ஒரு தலைமையாசிரியர், இரண்டு அம்மாக்கள். ஐந்து மேற்கோள், அரைப் பக்கம், ‘பொறியில் சிக்கும் பிஞ்சுகள்’ என்று தலைப்பு. தலைப்பும் நான் வைத்ததுதான், அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஐந்து பேரில் யாரும் அந்த விளையாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ சொன்னதை அவர்கள் எனக்குச் சொன்னார்கள், நான் அதை எல்லோருக்கும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன். எடுத்தால், பதினைந்து வயதுப் பெண். குரல் நடுங்கியது, ஆனால் எழுதிவைத்துப் படிப்பதுபோல வரிசையாகப் பேசினாள். “அது வதந்தின்னு எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார். எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமே.” கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாம். வெளிநாட்டில் வேலைபார்க்கும் அக்காவோடு தினமும் ராத்திரி அரை மணி நேரம் பேசுவாளாம். அது நின்றுபோயிற்று. இந்த அழைப்புக்கே அப்பாவிடம் வேறு காரணம் சொல்லித்தான் போன் வாங்கியிருந்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் போய் நின்றேன். போட்டார்கள்: உள்பக்கத்தில், நான்கு வரி, பொடி எழுத்தில். அரைப் பக்கப் பீதிக்கு நான்கு வரி மருந்து.

இது என் ஒருவனுடைய முட்டாள்தனம் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. 2019 பிப்ரவரியில் பிரிட்டனில் ‘மோமோ’ சவால் என்று இதே மாதிரி பெரிய பீதி கிளம்பியது. பள்ளிகள் எச்சரிக்கை அனுப்பின, செய்தி நிறுவனங்கள் போட்டி போட்டு எழுதின. அதனால் யாரும் பாதிக்கப்பட்டதற்கு உறுதியான ஆதாரமே இல்லை என்று குழந்தைகள் நல அமைப்புகள் சொன்னபோது பீதி வேண்டிய மட்டும் பரவிவிட்டிருந்தது.

இப்படிப்பட்ட பீதிக்குப் பிள்ளைகள் இன்னும் பெரிய விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1995-இல் ஜான் டியூலியோ என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஈவிரக்கமற்ற சிறார் குற்றவாளிகளின் பேரலை வரப்போகிறது என்று எழுதி, அவர்களுக்கு ‘சூப்பர் பிரடேட்டர்’ (கொடிய வேட்டை மிருகம்) என்று பெயரும் வைத்தார். ஊடகங்கள் அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அலை வரவில்லை, சிறார் வன்குற்றங்கள் குறையவே செய்தன. கணிப்பு தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் பத்தாண்டில் பல மாநிலங்கள் சிறார்களைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்துவதை எளிதாக்கிச் சட்டம் போட்டு முடித்துவிட்டன.

அதனால் இப்போது என் மேசையில் ஒரு விதி உண்டு. பதின்வயதினரைப் பற்றிய கட்டுரையில் குறைந்தது மூன்று பதின்வயதினர் பேசியிருக்க வேண்டும். வீட்டு அனுமதியோடுதான். தலைமையாசிரியர் பொறுக்கி அனுப்பும் முதல் மதிப்பெண் மாணவி அந்த மூன்றில் சேர்த்தியில்லை.

கேட்கும் விதமும் முக்கியம். ‘நீ போனுக்கு அடிமையா?’ என்றால் நாம் எதிர்பார்க்கிற பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ‘நேற்று ராத்திரி போனில் கடைசியாக என்ன செய்தாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஒரு பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மாவின் பேங்க் ஆப்பில் பாஸ்வேர்டு மறந்துபோனதை மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னான். இன்னொருத்தி, பேச்சுவார்த்தை முறிந்துபோன தோழியின் பழைய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தாளாம். ‘அடிமை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படி எழுதுவீர்கள்?

செல்போனினால் கெடுதலே இல்லை என்று சொல்ல வரவில்லை. சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே பெரிய தொல்லை. ஆனால் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பதின்வயதினரின் தரவுகளை வைத்து ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களின் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிகிறது என்றது. ‘ஒரு தலைமுறையே நாசம்’ என்ற தலைப்பை அந்த 0.4 தாங்காது.

சோம்பேறி

பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது இரவில் தள்ளிப்போகிறது. பதினொரு மணிக்குமேல்தான் தூக்கம் வரும், காலையில் ஆறு மணிக்கு எழுப்பினால் பாதித் தூக்கம் மிச்சமிருக்கும். பள்ளியைக் காலை 8.30-க்கு முன்னால் தொடங்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இலேயே பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது 2022 முதல் சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது, சில கிராமப்புறப் பள்ளிகள் நீங்கலாக. வகுப்பில் தூங்குகிறவனைப் பற்றி எழுதும்போது பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

சாதனைச் சிறுமி

நம் செய்திகளில் பதின்வயதினர் ஒன்று ரௌடி, இல்லையென்றால் மேதை. நடுவில் யாரும் கிடையாது. லூயி பிரெயில் 15 வயதில் புள்ளியெழுத்து முறையை உருவாக்கினார், மலாலா 17 வயதில் நோபல் வாங்கினார், எல்லாம் சரி. கணக்கில் 54 வாங்கி, சாயங்காலம் தம்பியை டியூஷனிலிருந்து கூட்டிவருகிற பெண்ணைப் பற்றி யாராவது எழுதிக் கொடுத்தால் முதல் பக்கத்துக்கே சண்டை போடுவேன்.

அவர்கள் பாஷையில் எழுதுவது

அச்சாகி வருவதற்குள் அந்தச் சொல் செத்திருக்கும்.

படம்

இருட்டு அறை, தலைகுனிந்த பையன், முகத்தில் போனின் நீல வெளிச்சம். வேண்டாம். போன வாரமும் ஒன்று வந்தது.