டிஃபென்ஸ மட்டும் நம்பி கரியர் ஓட்டலாம்னு நினைக்கிறவங்க பண்ற தப்புகள்

பாஸ்கெட்பால்ல டிஃபென்ஸ வச்சே என்பிஏ மாதிரி லீக்ல நிலைச்சுடலாம்னு நினைக்கிற பசங்க பண்ற பெரிய தப்பு, "எதிர் டீம் ஸ்டார நான் அடக்குறேனே, எனக்கு எதுக்கு ஷூட்டிங்"னு அத அப்படியே விட்டுடறது. 2015 என்பிஏ பிளேஆஃப்ஸ்ல (சீசன் கடைசில நடக்கற நாக்அவுட் சுத்து, ஒரு சீரிஸ்ல 4 மேட்ச் முதல்ல ஜெயிக்கிறவங்க அடுத்த சுத்துக்கு போவாங்க) மெம்ஃபிஸ் 2-1னு முன்னாடி இருந்தப்ப கோல்டன் ஸ்டேட் என்ன பண்ணாங்கன்னா, மெம்ஃபிஸோட டிஃபென்ஸ் ஆளு டோனி ஆலன பாத்துக்க அவங்க சென்டர் ஆண்ட்ரூ போகட்ட போட்டாங்க, போகட் அவர் பக்கமே போகல, கூடைக்கு கீழயே நின்னு உள்ள வர்றவங்கள அடைச்சுக்கிட்டாரு, ஆலன் வெளிய தனியா நின்னாரு, அங்க இருந்து அவருக்கு ஷாட் சரியா வராதுன்னு அவங்களுக்கு தெரியும். ஆள மார்க் பண்றதுல ஆலன் மாதிரி அப்ப ரொம்ப கம்மி பேருதான், ஆனா அவர இறக்கினா சொந்த டீம் அட்டாக் 4 பேர் ஆட்டமாயிடுது. சீரிஸ் 4-2னு கைய விட்டு போச்சு.

ஓக்லஹோமா சிட்டி டீம்ல ஆடுன ஆண்ட்ரே ராபர்சன் கதை இன்னும் வலிக்கும். 2017 பிளேஆஃப்ஸ்ல எதிர் டீம் ஹூஸ்டன் வேணும்னே அவர ஃபவுல் பண்ணி ஃப்ரீ த்ரோ லைனுக்கு அனுப்புனாங்க, அந்த சீரிஸ்ல 21 போட்டு 3 தான் உள்ள போச்சு. அதே சீசன்ல ஆல் டிஃபென்சிவ் டீம்ல (அந்த வருஷத்தோட சிறந்த டிஃபெண்டர்கள் பட்டியல்) இருந்த ஆளுங்க அவரு!

இப்ப புரூஸ் போவன பாருங்க. 1993 டிராஃப்ட்ல (டீம்கள் புது ஆட்டக்காரங்கள தேர்ந்தெடுக்கற நிகழ்வு) யாரும் எடுக்கல, பிரான்ஸ்ல எல்லாம் போய் ஆடி 30 வயசுலதான் சான் ஆன்டோனியோவுக்கு வந்தாரு. கோர்ட்டோட கார்னர்ல இருந்து 3 பாயிண்ட் ஷாட் (தூரத்துல இருக்கிற கோட்டுக்கு வெளிய இருந்து போடறது), அந்த ஒண்ணத்தான் திரும்ப திரும்ப போட்டு பழகுனாரு. 2002-03ல ஃப்ரீ த்ரோ 40 சதவீதம்தான் போச்சு, ஆனா 3 பாயிண்ட்ல 44 சதவீதம், லீக்லயே முதல் இடம். 3 சாம்பியன்ஷிப். எல்லா ஷாட்டும் கத்துக்க தேவையில்ல, ஒரே ஒரு இடம் போதும், ஆனா அங்க நீங்க நின்னா எதிராளி உங்கள விட்டுட்டு போக பயப்படணும்.

அடுத்து, ஸ்டீல் (பந்த பறிக்கறது), பிளாக் (ஷாட்ட தட்டி விடறது)னு நம்பர் பின்னாடி ஓடறது. கைய விட்டு பந்த தட்ட பாத்து ஏமாந்தா பின்னாடி இருக்கிற 4 பேரும் இடம் மாறணும், ஃபவுலும் ஏறும், 6 ஆனா வெளிய. டிஃபென்ஸுக்கு பேர் போன ஷேன் பேட்டியர், ஸ்டார் ஸ்கோரர் கோபி பிரையன்ட்ட கார்டு பண்றப்ப பிளாக் பண்ணவே போகமாட்டாரு, கண்ணுக்கு முன்னாடி கைய நீட்டி மறைப்பாரு, கோபிக்கு சரியா வராத இடத்துல இருந்து ஷாட் போடற மாதிரி ஒதுக்கி தள்ளுவாரு. பாக்ஸ் ஸ்கோர்ல (மேட்ச் புள்ளிவிவர அட்டவணை) இது எதுவும் வராது, ஆனா கோச்சுக்கு தெரியும்.

ஸ்கிரீன் (எதிராளி ஒருத்தர் நம்ம டிஃபெண்டர் வழிய மறிச்சு நிக்கிறது) வர்றப்ப நம்ம ஆளுக்கு வாய தொறந்து கத்தி சொல்லாம இருக்கிறதும் தப்புதான், அது சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல.

கடைசியா, முரட்டுத்தனத்தையும் டிஃபென்ஸையும் குழப்பிக்காதீங்க. போவனே இதுல தப்பு பண்ணாரு, ஷூட்டர் இறங்குற இடத்துல கால வைக்கிறார்னு அவர் மேல கடைசி வரைக்கும் புகார் இருந்துச்சு. தொடர்ந்து 500 மேட்ச் மிஸ் பண்ணாம ஆடுன மனுஷன், 2008ல அது நின்னது காயத்தால இல்ல, எதிர் டீம் ஆட்டக்காரர் கிறிஸ் பால உதைச்சதுக்கு கிடைச்ச ஒரு மேட்ச் சஸ்பென்ஷனால.