‘அடிமை’ என்ற சொல் இல்லாமல் சிகரெட் பேச்சை எடுப்பது எப்படி

‘நீ சிகரெட்டுக்கு அடிமை ஆயிட்ட’ என்ற வாக்கியம் பெரும்பாலும் சண்டைக்கு நடுவில்தான் வந்து விழுகிறது. சட்டையில் வாடை அடித்த ராத்திரி, குழந்தைக்கு இருமல் பிடித்த வாரம், பெட்டிக்கடைக் கணக்கு வீட்டுக்குத் தெரியவந்த மாதக் கடைசி. சொல்பவருக்கு அது கவலை. கேட்பவர் காதில் வசவு. தமிழில் அடிமை என்றால் இன்னொருவர் காலடியில் கிடப்பவர். கொத்தடிமை, அடிமைச் சாசனம் என்று உயிரையே எழுதிக்கொடுத்த வரலாறு அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. விடியற்காலையில் லோடு ஏற்றப் போய், வாடகை கட்டி, பிள்ளையைப் படிக்கவைக்கிற மனிதரை அப்படிக் கூப்பிட்டால் என்ன பதில் வரும்? ‘நான் எவனுக்கும் அடிமை இல்ல. நெனச்சா நாளைக்கே விட்டுருவேன்.’ பேச்சு அதோடு முடிந்தது.

எகிறுகிறவரைவிட, தலையைக் குனிந்துகொண்டு போகிறவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அவர் மறைக்கத் தொடங்குவார். சட்டைப் பையில் ஏலக்காய், வண்டியின் சீட்டுக்கு அடியில் தீப்பெட்டி, வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கடை. டாக்டர் கேட்டால் 15-ஐ 5 என்பார். டாக்டர் அந்த ஐந்துக்கு ஏற்ற மருந்தைத்தான் தருவார். அளவு போதாமல் மூன்றாம் நாள் உடம்பு படுத்தும், மறுபடி பற்றவைப்பார். ‘பாத்தியா, அடிமைதான்’ என்று வீடு சொல்லும், அவரும் அதை நம்பிவிடுவார். ஆளிடம் குறை இல்லை. வெட்கம் கணக்கைக் கெடுத்தது, கெட்ட கணக்கு மருந்தைக் கெடுத்தது. விடமுடியாதவர் என்று பெயர் வாங்கிய பலரின் கதை இப்படித்தான் போயிருக்கிறது.

இன்னொரு வகையினரும் உண்டு. ‘இது மூளை சம்பந்தப்பட்ட விஷயம், உங்க குணக்கேடு இல்ல’ என்று டாக்டர் சொன்னதும் அவர்களுக்குப் பெரிய பாரம் இறங்கும். பத்து வருடமாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தவருக்கு அது மன்னிப்பு கிடைத்த மாதிரி. அதனால் உண்மையைப் பூசி மெழுகக் கூடாது. பிரச்சினை உண்மையில் இல்லை, அதைச் சுமந்து வரும் சொல்லில் இருக்கிறது.

‘வெறும் பழக்கம்’ என்பதும் சரியில்லை

அடிமை என்று சொல்ல வேண்டாம் என்றால் உடனே ‘பழக்கம்’ என்ற சொல்லுக்குத் தாவுகிறோம். அது கேட்க இதமாக இருக்கும், ஆனால் நடப்பதைக் குறைத்துச் சொல்கிறது. காலையில் நடப்பதும் பழக்கம்தான். ஆனால் ஒருநாள் நடக்காவிட்டால் கை நடுங்காது, பிள்ளைமேல் வள்ளென்று விழமாட்டோம்.

மருத்துவ உலகமே இந்தச் சொல்லோடு வெகுநாள் போராடியிருக்கிறது. 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை புகைப்பதைப் பழக்கம் என்ற அளவில்தான் வைத்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, பழக்கம், அடிமைத்தனம் என்ற இரண்டு சொற்களையும் ஒதுக்கிவிட்டு ‘சார்பு’ (ஒரு பொருள் இல்லாமல் இருக்கமுடியாத நிலை) என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. 1988-இல் வெளியான அமெரிக்க அறிக்கைதான் ஹெராயின், கோகெய்ன் வரிசையில், புகையிலையில் இருக்கும் நிக்கோடினை வைத்துப் பேசியது. அதற்குப் பிறகும், 1994 ஏப்ரலில், ஏழு புகையிலை நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்து, நிக்கோடின் அப்படிப்பட்ட பொருள் இல்லை என்று தாங்கள் நம்புவதாகச் சொன்னார்கள். பழக்கம் என்றே இருந்தால் பொறுப்பு முழுவதும் வாங்குகிறவர் தலையில் போகும் அல்லவா? ஆக, அந்த மென்மையான சொல்லால் லாபம் பார்த்தவர்களும் இருந்தார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு ‘புகையிலைப் பயன்பாட்டுக் கோளாறு’ என்று எழுதி, 11 அறிகுறிகளில் எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணி, லேசானது, நடுத்தரம், கடுமையானது எனப் பிரிக்கிறது.

எண்ணுவதுதான் இங்கே வழி. பெயர் சூட்டாதீர்கள், அளந்து பாருங்கள்.

இரண்டே கேள்வி

நிக்கோடின் சார்பை அளக்க ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனை என்று ஒன்று உண்டு. அதில் ஆறு கேள்விகள். அவற்றில் இரண்டே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். முதல் கேள்வி: காலையில் கண்விழித்து எத்தனை நிமிடத்துக்குள் முதல் சிகரெட் அல்லது பீடி? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடம் என்றால் 2, 31 முதல் 60 என்றால் 1, அதற்கும் மேல் தாங்கினால் 0. இரண்டாவது: ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. கூட்டினால் 0-2 குறைந்த சார்பு, 3-4 நடுத்தரம், 5-6 அதிகம்.

முதல் கேள்விக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்றால், ரத்தத்தில் நிக்கோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஏழு மணி நேரத் தூக்கத்தில் கிட்டத்தட்ட வடிந்துபோகும். விழித்ததும் உடம்பு எவ்வளவு அவசரமாகக் கேட்கிறது என்பதுதான் மூளை அதற்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்பதன் அளவு. பல் விளக்குமுன் பற்றவைக்கிறவருக்கும் பத்து மணி டீக்கு மட்டும் ஒன்று பிடிக்கிறவருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் ஒருவருக்காவது அது பொருந்தாது.

கேட்கும் விதத்தில்தான் காரியம் கெடும். பிள்ளைகள் எதிரில் கேட்காதீர்கள். சண்டை நடந்த அன்றும் வேண்டாம். அவர் பற்றவைத்த கையோடு கேட்டால் குற்ற விசாரணையாகிவிடும். மனைவி என்றால், தனியாக இருக்கும்போது: ‘ஏங்க, காலைல எந்திரிச்சா எவ்வளவு நேரத்துல மொத சிகரெட்டு கேக்குது?’ கவனியுங்கள், ‘பிடிக்கிறீங்க’ என்று இல்லை, ‘கேக்குது’. கேட்பது உடம்பு. இந்த ஒரு வினைச்சொல் மாறினாலே எதிரில் இருப்பவரின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். மகன் அப்பாவிடம் என்றால் எண்ணிக்கையில் தொடங்க வேண்டாம். எண்ணிக்கை கேட்டால் கணக்குக் கேட்பது போலாகும். ‘அப்பா, காலைல அது இல்லாம வெளிய போக முடியுதா?’ என்பது பல வீடுகளில் கூச்சமில்லாமல் பதில் வருகிற கேள்வி. ஏனென்றால் வயிறு இளகுவதற்காகப் பிடிக்கிறேன் என்பது பெரியவர்கள் தயங்காமல் சொல்லும் காரணம். அது சாக்கு இல்லை. நிக்கோடினை நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வருவது உண்மை. தண்ணீர், கீரை, கொய்யா, நடை என்று அதற்கு முன்கூட்டியே வழி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ கேட்பவர்கள் எண்ணிக்கையை மேலிருந்து தொடங்கலாம்: ‘ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் ஆகுமாண்ணே?’ ‘அய்யோ அவ்வளவு இல்ல, ஒண்ணரை’ என்று உண்மை வந்துவிடும். ‘பழக்கம் எதுவும் இருக்கா?’ என்று கேட்டால் ‘எப்பவாவது’ என்ற பதில்தான் வரும்.

பதில் வந்தபின் அதை எப்படித் திருப்பிச் சொல்வது? ‘உங்களுக்கு மதிப்பெண் அஞ்சு வருது. உடம்பு நல்லாப் பழகிருச்சு. மனசு மட்டும் வச்சு விடுறது கஷ்டம், மருந்தும் சேர்ந்தா சுலபம்.’ இதில் பொய்யும் இல்லை, வசவும் இல்லை. நோயாளிச் சீட்டில் எழுதும்போதும் ‘புகை அடிமை’ என்று எழுதாமல் ‘புகைபிடிப்பவர், நாளைக்கு 15, விழித்து 10 நிமிடம்’ என்று எழுதுங்கள். அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு அதில்தான் பயன்.

‘மாலை போட்டப்ப விட்டேனே?’

அடிமை என்ற சொல்லுக்கு எதிராக இதைவிட வலுவான வாதம் கிடையாது. சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் தொடாமல் இருந்தவர், மாலையைக் கழற்றிய அன்றே மலையடிவாரத்துக் கடையில் பற்றவைத்திருப்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்காதீர்கள்.

விட்டவர்களுக்குத் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை, வாய் நமநமவென்று இருப்பது எல்லாம் முதல் நாளே தொடங்கி இரண்டு, மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெருமளவு அடங்கும். அப்படியென்றால் மாலை போட்டவர் கஷ்டமான பகுதியை முழுவதும் தாண்டிவிட்டார். அவரைப் பிடித்துக்கொண்டது வேறு. விரதத்தில் கறுப்பு வேட்டி, காலைக் குளியல், பஜனை, ‘சாமி’ என்று கூப்பிடும் நண்பர்கள் எனச் சுற்றியிருந்த எல்லாமே மாறியிருந்தன. தம் போடக் கூப்பிடும் ஆளே இல்லை. கழற்றியதும் பழைய டீக்கடை, பழைய பெஞ்சு, பழைய கூட்டம் திரும்பின. மூளையில் பதிந்த ஞாபகமும் கூடவே எழுந்தது.

எனவே அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘41 நாள் இருந்தீங்கல்ல, உங்களால முடியும்னு உங்களுக்கே தெரியும். 42-ஆம் நாளுக்குத்தான் திட்டம் இல்லாமப் போச்சு.’ அந்த நாளைக் காகிதத்தில் எழுதவைக்க வேண்டும். எந்த டீக்கடைக்கு ஒரு மாதம் போகாமல் இருப்பது, சாப்பிட்டதும் கைக்கு என்ன வேலை, யார் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று நீட்டுவார், அவரிடம் என்ன சொல்வது. தோன்றும் ஆசை பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் தணிந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாலே அந்த நேரம் கடந்துவிடும்.

புகையிலை மெல்லும் பெண்கள்

வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியை யாரும் எதுவும் சொல்வதில்லை. அதே வீட்டில் ஒரு இளம்பெண் சிகரெட் பிடிப்பது தெரிந்தால் ஊரே பேசும். பாட்டி செய்வதற்குப் பெயரே இல்லாததால் அவருக்கு உதவி போய்ச் சேருவதில்லை. இளம்பெண்ணுக்குச் சூட்டும் பெயர் மிகக் கடுமையாக இருப்பதால் அவருக்கு உதவி கேட்கவே வாய் வருவதில்லை. பாட்டியிடம் கேட்க வேண்டியது: ‘ராத்திரி கன்னத்துல அடக்கிக்கிட்டே தூங்குறீங்களா? சாறைத் துப்புவீங்களா, முழுங்குவீங்களா?’ அடக்கிக்கொண்டு தூங்குவதும் சாறை வேண்டுமென்றே விழுங்குவதும் சார்பு அதிகம் என்பதற்கு அடையாளம். கையோடு கன்னத்தின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காமை, இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் அனுப்புவதுதான் முதல் வேலை.

சூயிங்கம்: அளவும் தவறும்

‘இதை விட்டு அதுக்கு அடிமை ஆகணுமா?’ என்று, புகையை விட உதவும் நிக்கோடின் சூயிங்கத்தைத் தொடவே மறுப்பவர்கள் நிறைய. புகை வழியாக நிக்கோடின் 10-20 விநாடியில் மூளைக்குப் போகிறது. சூயிங்கத்தில் வாயின் தோல் வழியாக மெதுவாக, ஏறக்குறைய அரை மணி நேரத்தில்தான் உச்சம். அந்த வேகம்தான் மூளையைப் பிடித்து வைத்திருக்கிறது. வேகம் இல்லாத இடத்தில் பிடியும் தளரும். புகையில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் கிடையாது.

விழித்து 30 நிமிடத்துக்குள் பிடிக்கிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. நான்குக்கு மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. ஒரு நாளில் 24-ஐத் தாண்டக் கூடாது.

சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் வேலை செய்யாது. நாக்கில் சுள்ளென்று வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுள்ளென்பது அடங்கியதும் மறுபடி மென்று, மறுபக்கம் ஒதுக்குங்கள். அரை மணி இப்படி. வேகமாக மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். அடுத்த தவறு, டீக்கடையில் சிகரெட்டுக்குப் பதிலாக டீயோடு இதை மெல்வது. டீ, காபி, பழச்சாறு வாயில் அமிலத்தைக் கூட்டும், நிக்கோடின் உறிஞ்சப்படாது. மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

புகையை நிறுத்தியதும் காபியில் இருக்கும் காஃபினை உடம்பு கரைக்கும் வேகம் குறையும். அதே நான்கு காபி இரண்டு மடங்காக ஏறி, படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதை ‘சிகரெட் இல்லாததால்’ என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. காபியைப் பாதியாக்குங்கள். குளோசபின், ஒலான்சபின் போன்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடலாம். நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் தாங்களாக சூயிங்கம் வாங்க வேண்டாம்.

கட்டணமில்லாத தேசிய உதவி எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். முகம் தெரியாத ஒருவரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்வது பலருக்கு எளிது.

மறுபடி பிடித்துவிட்டால்

பெரும்பாலானவர்கள் ஒரே முயற்சியில் விடுவதில்லை. பிடித்தது தெரிந்த ராத்திரி எதுவும் பேசாதீர்கள். சட்டையை மோந்து பார்க்காதீர்கள், சாமி மேல் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் உடைந்தால் மறைப்பதற்கு இன்னொரு காரணம் சேரும். மறுநாள் காலை, காபி கொடுக்கும்போது, மூன்று கேள்வி போதும்: எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு. ‘நாலரை மணி, ஒர்க்‌ஷாப் வாசல், முதலாளி திட்டின பிறகு’ என்று பதில் வந்தால் அந்த நாலரை மணிக்கு ஒரு சூயிங்கத்தை முன்னதாக, நாலே காலுக்கே, வாயில் போடச் சொல்லுங்கள். காகிதத்தில் தேதியைப் போட்டு அதையும் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு முன் எத்தனை நாள் தாங்கினார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.