விமானம் ஏறும் முன்பே எல்லையைக் கடப்பது எப்படி?

வெளிநாட்டுப் பயணத்தில் இமிகிரேஷன் என்பது போய் இறங்கிய இடத்தில் நடப்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். சில தடங்களில் மட்டும் அது புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. போகவிருக்கும் நாட்டின் அதிகாரிகளே இங்கு வந்து அமர்ந்து, பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து, கேள்வி கேட்டு, அனுமதி கொடுத்த பிறகுதான் நாம் விமானத்திலோ ரயிலிலோ ஏற முடியும். இறங்கிய பின் வரிசை எவ்வளவு நீண்டாலும் விமானம் தவறிப்போவதில்லை, ஏனெனில் அதில்தான் வந்து சேர்ந்திருக்கிறோம். ஏறும் முன் வரிசை நீண்டாலோ விமானமே போய்விடும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் பயணச்சீட்டு எடுப்பது முதல் பெட்டி கட்டுவது வரை எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

முதலில் ரயில் தடங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தில் யூரோஸ்டார் ரயிலில் ஏறுபவர்களை பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் அங்கேயே சோதிக்கிறார்கள். பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் பிரான்ஸிலிருந்து வெளியேறும் சோதனை முடிந்து சில அடிகள் நடந்தால் பிரிட்டிஷ் அதிகாரியின் மேசை வந்துவிடும். ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குள் செல்லும் இந்தியர் போன்ற வெளிநாட்டவரின் விரல் ரேகையையும் முகப் படத்தையும் பதிவுசெய்யும் புதிய முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்ததால், முதல் முறை பதிவுசெய்பவருக்கு மேசையில் கூடுதல் நேரம் பிடிக்கலாம். பிரிட்டனுக்குள் செல்பவர்களில் மின்விசா வைத்திருப்பவர்கள், அது இப்போது கையிலுள்ள பாஸ்போர்ட்டுடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு மின்விசாவுக்கான இணையக் கணக்கில் மாற்ற மறந்தவர்கள் நிற்கும் இடம் இந்த மேசைதான்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடியிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஜொகூர் பாரு செல்லும் ரயிலில் ஏறும் முன், சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனையும் மலேசியாவுக்குள் நுழையும் சோதனையும் அடுத்தடுத்து அங்கேயே நடக்கின்றன. ரயில் பயணம் சுமார் 5 நிமிடம்தான். அதற்கான ஆயத்தமோ அதைவிடப் பல மடங்கு நீளம். மலேசியாவின் மின்வருகை அட்டையை நிரப்ப வேண்டியவர்கள், வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் அதை நிரப்பிவிட்டே நிலையத்துக்கு வர வேண்டும்.

இனி, பெரும்பாலோரைக் குழப்பும் விமானத் தடங்களுக்கு வருவோம். அமெரிக்கச் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை, கனடா, அயர்லாந்து, பஹாமாஸ், பெர்முடா, அரூபா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய 6 நாடுகளின் விமான நிலையங்களில் ‘பிரீகிளியரன்ஸ்’ என்ற பெயரில் இந்தச் சோதனையை நடத்துகிறது. டொரண்டோவில் இது 1952இல் தொடங்கியது. அயர்லாந்தின் ஷானனில் 2009 முதலும் டப்ளினில் 2011 முதலும் முழு அளவில் நடக்கிறது. அபுதாபியில் 2014 ஜனவரியில் வந்தது. ஆசியாவிலிருந்து அமெரிக்கா செல்பவர்கள் அதிகம் எதிர்கொள்வது அபுதாபியைத்தான். துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ சென்றால் இது கிடையாது என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே இணைப்பு நிலையத்தைக் கவனிக்க வேண்டும்.

இணைப்பு நேரம் குறைவாக இருந்தால் கட்டணமும் குறைவாக இருப்பது சில சமயம் உண்டு. அந்த ஆசைக்கு இந்தத் தடத்தில் இடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. முதல் விமானம் அரை மணி நேரம் தாமதமாக வந்து, மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகு அமெரிக்க அதிகாரியின் வரிசை, தப்பித்தவறி இரண்டாம் கட்ட விசாரணை என்று எல்லாம் சேர்ந்துகொண்டால் இரண்டு மணி நேரம் போதாது. மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியே என் கணக்கில் பாதுகாப்பானது. கனடா வழியாகச் செல்ல நினைக்கும் இந்தியர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. விமானம் மாறுவதற்கு மட்டுமே என்றாலும் கனடாவின் டிரான்சிட் விசாவோ வருகையாளர் விசாவோ தேவை. அமெரிக்க விசா அதற்கு ஈடாகாது.

ஆவணங்கள் அனைத்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி அப்போது விமான நிறுவனத்தின் கையில் இருக்கும். அதிகாரி கேட்ட தாள் அதற்குள் இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. மாணவர்கள் கல்லூரி கொடுத்த, பயணத்துக்கான கையொப்பம் உள்ள ஐ-20 படிவத்தையும், எச்-1பி எனும் வேலை விசாவில் செல்பவர்கள் ஐ-797 ஒப்புதல் அறிவிப்பையும் அண்மைய சம்பளச் சீட்டுகளையும், வருகையாளராகச் செல்பவர்கள் திரும்பும் பயணச்சீட்டையும் தங்கப்போகும் முகவரியையும் உடனே எடுக்கும்படி வைத்துக்கொள்ளலாம். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் முதல் முறை செல்லும் மாணவருக்குப் படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்பிருந்துதான் நுழைய அனுமதி உண்டு. மேசை அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும் அந்தக் கணக்கு தளராது. முகவரி கைப்பேசியில் இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம். சோதனைப் பகுதியில் கைப்பேசியைப் பயன்படுத்த அனுமதி இருக்காது, மின்கலமும் தீர்ந்திருக்கலாம்; ஒரு தாளில் எழுதி வைப்பது எளிது.

இந்த மேசையில் நடப்பது பாஸ்போர்ட் சோதனை மட்டுமன்று. சுங்கமும் வேளாண் பொருள் சோதனையும் சேர்ந்தே நடக்கின்றன. முதல் விமானத்தில் உணவோடு கொடுத்த ஆப்பிளைப் பசிக்கும்போது தின்னலாம் என்று கைப்பையின் பக்கவாட்டு அறையில் போட்டு வைத்திருப்போம். அதை நாமே மறந்திருப்போம். கேட்டபோது ‘உணவுப் பொருள் எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டு அந்த ஆப்பிள் வெளியே வந்தால் அபராதம் விதிக்க முடியும்; ‘ஒரு பழம் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் அதை வாங்கிக் குப்பையில் போடுவதோடு முடியும். பழம், விதை, செடி, இறைச்சி ஆகிய எதுவாக இருந்தாலும் இதுதான் வழி. 10,000 டாலருக்கு மேல் பணம் கொண்டு செல்வது தவறில்லை, ஆனால் அதை அறிவிக்காமல் இருப்பது தவறு. ஒன்றாகச் செல்லும் குடும்பத்தினர் பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்தாலும் மொத்தத் தொகைதான் கணக்கு.

நிலையத்தை அடைந்ததும் கடைகளைச் சுற்றுவதைத் தள்ளிப்போட்டு, அமெரிக்க விமானங்களுக்கான பகுதியைத் தேடிச் செல்ல வேண்டும். டப்ளினில் வழக்கமான பாதுகாப்புச் சோதனையைக் கடந்த பிறகும் அமெரிக்கப் பகுதிக்குள் மற்றொரு சோதனை காத்திருக்கும். அபுதாபியிலும் விமானம் மாறுபவர்களை மீண்டும் சோதிக்கிறார்கள். எனவே இடையில் வாங்கிய தண்ணீர் புட்டி அங்கே போய்விடக்கூடும்.

அதிகாரியின் முன் நான்கு விரல்களைக் கண்ணாடியில் அழுத்த வேண்டும், கேமராவைப் பார்க்க வேண்டும். எங்கே செல்கிறீர்கள், எத்தனை நாள், யாருடன் தங்குகிறீர்கள், என்ன வேலை என்பவைதான் வழக்கமான கேள்விகள். பிறகு திரையைத் திருப்பி ஒரு பெட்டியின் படத்தைக் காட்டி ‘இது உங்களுடையதா?’ என்று கேட்கக்கூடும். நாம் செக்-இன் செய்த பெட்டியைத்தான் அப்படிப் படமெடுத்திருப்பார்கள்; படத்தில் கறுப்புப் பெட்டி எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். செக்-இன் செய்யும் முன் பெட்டியை நாமே ஒரு படம் எடுத்து, கைப்பிடியில் நிறத் துணியோ பட்டையோ கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் தடுமாற வேண்டியதில்லை. பெட்டியின் படம் கணினிக்கு வந்து சேரத் தாமதமானால் அதுவரை காத்திருக்கவும் நேரலாம். இடைவெளி நேரத்தை நான் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் கட்ட விசாரணைக்கு அழைத்தால் பதற்றப்படத் தேவையில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் வேண்டும் என்பதற்காகவும் அப்படி அனுப்புவார்கள். விமானம் புறப்படும் நேரத்தை அதிகாரியிடம் பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது, ஆனால் விமானம் நமக்காக நிற்கும் என்று நம்ப முடியாது. அனுமதி மறுக்கப்பட்டால் விமானத்தில் ஏற முடியாது. விசாவை ரத்து செய்யவும் கூடும். ஆயினும் அமெரிக்க மண்ணில் இறங்கிய பின் மறுக்கப்படுவதோடு ஒப்பிட்டால் இதில் ஓர் ஆறுதல் உண்டு. அங்கே விரைவு நாடுகடத்தல் ஆணை பிறப்பித்தால் 5 ஆண்டுகள் நுழையத் தடை வரும். இங்கே நாம் இன்னும் வேறொரு நாட்டில்தான் நிற்கிறோம். அந்த நாட்டின் சட்டமே நம்மைக் காக்கிறது, நுழையும் விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டு வெளியேறவும் வழி இருக்கிறது. கனடாவில் மட்டும், 2019 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, விலகிக்கொள்பவர் தாம் யார், ஏன் விலகுகிறார் என்ற கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

சோதனையைக் கடந்த பிறகு இருக்கும் காத்திருப்புப் பகுதி பெரும்பாலும் சிறியது, கடைகளும் குறைவு. வந்த வழியே வெளியே போய்வரலாம் என்று எண்ணக் கூடாது, போனால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் பலன் இறங்கும்போது தெரியும். அந்த விமானம் உள்நாட்டு விமானத்தைப் போலவே நடத்தப்படுகிறது. அதனால்தான் எல்லைச் சோதனை வசதியே இல்லாத நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்துக்கும் டொரண்டோவிலிருந்து நேராக விமானம் போக முடிகிறது. அடுத்த ஊருக்கு இணைப்பு விமானம் பிடிப்பவர்கள், ஒரே பயணச்சீட்டில் கடைசி ஊர் வரை பெட்டிக்குச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தால், அதை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஐ-94 எனும் அமெரிக்க வருகைப் பதிவு இணையத்தில் வந்தவுடன் பெயரும் விசா வகையும் தங்கும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். அழைத்துப்போக வருபவர்களிடம் மட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்: அவர்கள் வழக்கம்போல் சர்வதேச வருகை வாயிலில் கண்வைத்துக் காத்திருக்கையில், நாம் உள்நாட்டுப் பயணிகளோடு வேறு வாயில் வழியாக வெளியே வந்து அவர்களைத் தேடிக்கொண்டிருப்போம்.