டேலி பேக்கப்: எடுத்தால் மட்டும் போதாது, திறந்தும் பாருங்கள்

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் பல இடங்களில் பார்க்கிறேன், டேலி கணக்கு மென்பொருளின் பேக்கப் (கணக்கின் நகல்) எடுக்கும் பென்டிரைவ் ராத்திரி பகலாக கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடக்கிறது. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் சொருகியிருக்கும் டிரைவையும் சேர்த்துத்தான் பூட்டும், அப்புறம் பில், பாக்கி, ஜிஎஸ்டி கணக்கு எதையும் திறக்க முடியாது. பேக்கப் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். இரண்டு டிரைவை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, கூகுள் டிரைவிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

இதைவிட முக்கியம், மாதம் ஒருமுறையாவது அந்த பேக்கப்பை வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, அதாவது டேலியில் திரும்ப ஏற்றி (பழைய ஃபோல்டரிலேயே செய்தால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறிவிடும், கவனம்!) பேக்கப் எடுத்த நாளின் கடைசி பில்லும் யாராவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கியும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அன்றைக்கே புதிதாக எடுத்துவிடுங்கள்.