சலுகை இருக்கிறது, ஏஜென்ட் வழியாக வராது

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் கலந்தாய்வு சேவை மையம் திறந்துவிடும். எனக்கு அங்கே விண்ணப்பம் போட உதவுகிற வேலை. வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. என் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான்தான். யாரைக் கேட்பது என்று தெரியாமல் அன்று எங்கள் வீடு பட்ட குளறுபடிகளை, கையில் போன் இருக்கிற இந்தப் பிள்ளைகளும் படுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

போட்டோ அளவு, இனிஷியல் பிழை, கடைசித் தேதி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை இ-சேவை மையத்திலேயே சொல்லிவிடுவார்கள். அரசு தருகிற சலுகைகளைக் கைநழுவ விடுகிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மாமா டிகிரி படித்திருக்கிறார் என்று ஒதுங்கிவிடுவது

வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிக்க வருகிறவருக்கான முதல் பட்டதாரி சலுகை 2010-11 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை. சாதி, வருமான வரம்பு எதுவும் கிடையாது. அப்படியிருந்தும், "எங்க சித்தப்பா பி.ஏ.ங்க சார், எங்களுக்கு வராது" என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சித்தப்பா, மாமா, அத்தை யாரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பார்ப்பது அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், அவ்வளவுதான். அண்ணன் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்திருந்தாலும் பரவாயில்லை, அது பட்டம் ஆகாது. ஆனால் அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். சான்றிதழை இ-சேவையில் போட வேண்டும், பெயர் தெரியாவிட்டால் ரெவ்-104 என்று கேளுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று மேஜை மேஜையாக நகர்ந்து வரும், அதனால் ரிசல்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஒரிஜினலையும் பாஸ்வேர்டையும் ஏஜென்ட்டிடம் கொடுப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ரிசல்ட் வந்த அன்றே பையன் வீட்டுக்குப் போன் வரும். யார் நம்பர் கொடுத்தார்கள் என்று தெரியாது. "தம்பி மார்க்குக்கு கவுன்சிலிங்ல நல்ல காலேஜ் வராது, இப்பவே சீட் புக் பண்ணிடுங்க. ஃபர்ஸ்ட் கிராஜுவேட் ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கித் தர்றோம்." அடுத்த நாள் வீட்டுக்கே ஆள் வருவார். மார்க் ஷீட், டி.சி., அட்வான்ஸ் என்று கொஞ்சம் பணம். ரசீது கேட்டால், "காலேஜ்ல தருவாங்க". படித்தவர் யாரும் இல்லாத வீட்டில் பேன்ட் சட்டை போட்டுத் தெளிவாகப் பேசுகிறவரை நம்பிவிடுகிறார்கள். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போகிறது என்பது வீட்டுக்குத் தெரியாது.

அந்த ஆள் வாங்கித் தருவது மேனேஜ்மென்ட் கோட்டா சீட், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கிற சீட். அதில் சேர்ந்த நிமிஷமே முதல் பட்டதாரி சலுகை போய்விட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் போய்விட்டது. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வராது. எந்தச் சலுகையைச் சொல்லி ஆள் பிடித்தாரோ அதையே இழக்க வைத்துவிட்டுப் போகிறார். வீட்டில் இது தெரிய வருவது இரண்டாவது செமஸ்டர் ஃபீஸ் கேட்கும்போதுதான். அப்புறம் நகைக்கடன்.

கொஞ்ச காலமாக இன்னொரு வகையும் நடக்கிறது. ஏஜென்ட்டே கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார். கோட்டா பிரச்சினை இல்லை, சலுகையும் உண்டு. ஆனால் பதிவு செய்த மொபைல் நம்பர் அவருடையது. ஓடிபி அவருக்குத்தான் போகும்.

தர்மபுரி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண், அப்பாவோடு வந்தது. கட்-ஆஃப் 200-க்கு 170-க்கு மேல். அந்த மதிப்பெண்ணுக்கு அரசு இன்ஜினியரிங் கல்லூரியையாவது கேட்டுப் பார்த்திருக்கலாம். ஒதுக்கீடு வந்திருந்ததோ யாரும் விரும்பிப் போகாத ஒரு தனியார் கல்லூரியில். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று கலந்தாய்வில் பதிகிற விருப்பப் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு கல்லூரி, அதில் நாலைந்து பாடப்பிரிவு. வேறெதுவும் இல்லை.

"இதை யாரும்மா போட்டது?" என்று கேட்டேன். பெண் அப்பாவைப் பார்த்தது. "அந்த சார்தாங்க எல்லாம் போட்டுக் குடுத்தாரு. நம்ம புள்ளைக்குன்னு நல்லா அலைஞ்சாருங்க" என்றார் அவர். நன்றியோடுதான் சொன்னார். பாஸ்வேர்டு? "அது அவரு போன்ல இருக்குங்க." பட்டியல் லாக் ஆகி முடிந்திருந்தது. துணைக் கலந்தாய்வு பற்றிச் சொல்லி அனுப்பினேன். எதிலே சேர்ந்தது என்று தெரியவில்லை. அந்த ஏஜென்ட் மட்டும் அடுத்த வருடமும் எங்கள் கேட்டுக்கு வெளியே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதனால் விண்ணப்பத்தில் இருக்கிற மொபைல் நம்பரும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். சேவை மையத்தில் விண்ணப்பம் போட உதவி செய்வோம், அதற்குக் காசு கேட்பதில்லை. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், பிடித்த வரிசையில் நீளமாகப் போடுங்கள். ஏற்கெனவே வேறு ஆள் நம்பரில் போட்டுவிட்டீர்கள் என்றால், பட்டியல் பதிகிற நாட்கள் முடிவதற்குள் ஆதாரோடு மையத்துக்கு ஓடி வாருங்கள். முடிந்த பிறகு வந்தால் நான் செய்ய ஒன்றுமில்லை.

ஒரிஜினலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா? சரிபார்த்த பிறகு ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உயர்கல்விக்கான யுஜிசி, தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇ என்ற இரண்டு மத்திய அமைப்புகளின் விதியும். ஏஐசிடிஇ அனுமதி பெற்ற கல்லூரியில் வகுப்பு தொடங்குமுன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். முதல்வருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில்லாமல் ஏஜென்ட் கையில் கொடுத்த பணத்துக்கு மட்டும் எந்த விதியும் உதவாது.

பிளஸ் ஒன்னில் பள்ளி மாற்றுவது

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்துவிட்டால் கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளி விடுதியில் சேர்த்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவத்துக்கு 2020-லும் இன்ஜினியரிங் உள்ளிட்ட படிப்புகளுக்கு 2021-லும் வந்தது இது. இன்ஜினியரிங்கில் இந்த வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் அரசு ஏற்கிறது. பள்ளி மாற்றிய அந்த இரண்டு வருடத்தில் இவ்வளவும் போகிறது, மேலே பள்ளி ஃபீஸ் வேறு. கல்லூரிக்கான முடிவு பதினைந்து வயதிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது, அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

பழைய வருமானச் சான்று

உதவித்தொகைக்குக் கொடுக்கிற இந்தச் சான்று ஒரு வருடம்தான் செல்லும். புதிதாக வாங்குங்கள்.

மாதம் 1,000 ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்காதது

இந்தப் பணம் வருவது அரசுத் திட்டங்களில்: மாணவிகளுக்குப் புதுமைப் பெண் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024). வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். பணம் வரவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு அது வந்துகொண்டுதான் இருக்கிறது, வேறு கணக்கில். ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைந்ததோ அங்கேதான் விழும். ஊருக்கு வந்த போஸ்ட் ஆபீஸ்காரர் திறந்து கொடுத்த கணக்கு ஒன்று மறந்துபோய்க் கிடக்கும். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் வங்கியின் பெயர் தெரிந்துவிடும்.

சலுகை என்றால் எல்லாமே இலவசம் என்று நினைப்பது

முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும். பஸ் ஃபீஸ் தனி.

பத்து வருடம் கழித்துப் படிக்க வருகிறவர்கள்

கல்யாணம், வேலை எல்லாம் ஆகி மறுபடி படிக்க வருகிறவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம். அவர்களும் ஒரு இடத்தில் வழுக்குகிறார்கள். பத்தாவது, பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கப் போவார்கள். அப்படி வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை இருக்கிறது. அரசு வேலைதான் நோக்கம் என்றால், முதலில் பத்தாவதையும் பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள். அதன் பிறகு தொலைநிலையில் பட்டம் படித்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. 'வீட்டிலிருந்தே பி.இ.' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தொலைநிலையில் இன்ஜினியரிங் நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை.

கல்லூரி விடுதி ஒன்றுதான் விடுதி என்று நினைப்பது

ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகள் கல்லூரி மாணவர்களுக்கும் உண்டு. 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். கல்லூரி அட்மிஷனோடு தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சேர்க்கை முடிந்த வாரத்திலேயே விடுதிக் காப்பாளரைப் போய்ப் பாருங்கள்.