மெஷின் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்: கடலூர் வீடுகளில் நடக்கும் தவறுகள்

கடலூரில் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். கேப்பர் மலையின் மணற்கல் அடுக்கில் ஊறி வரும் தண்ணீர் ஒரு மாதிரி. தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில், அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும் அபாயம் உண்டு. அதனால் எதிர்வீட்டில் எந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் மாட்டினார்கள் என்று கேட்டு அதையே வாங்குவதில் அர்த்தமே இல்லை. உங்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன குறை என்று முதலில் தெரிய வேண்டும்.

வாளியிலும் கீசரிலும் வெள்ளையாகப் படிகிறதா? அது கால்சியமும் மெக்னீசியமும். கடினத்தன்மை என்பது இதுதான். வாயில் வைத்தால் கரிக்கிறதா? அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. செம்பழுப்புக் கறை என்றால் இரும்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கரிக்கிற தண்ணீருக்கு சாஃப்ட்னர் மாட்டினால் பணம்தான் போகும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும் கருவி. கரிப்பும் குறையாது, கரைந்த உப்புகளின் மொத்த அளவான டிடிஎஸ்ஸும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். துணிக்கும் குளியலுக்கும் அது நல்லது, அவ்வளவுதான்.

அப்புறம் இந்த டிடிஎஸ் பேனா. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை அது ஊகித்துச் சொல்கிறது. கிருமியை அதற்குத் தெரியாது. சாக்கடை கசிந்த குழாய்த் தண்ணீரும் 300 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. கடினத்தன்மைக்கு அதே போல 200, 600. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்ல முடியாது.

விற்க வருபவர்கள் காட்டும் வித்தை ஒன்று உண்டு. உங்கள் தண்ணீரில் ஒரு டம்ளர், அவர்கள் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீரில், அதாவது சவ்வில் வடித்து உப்பை நீக்கிய தண்ணீரில் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். உங்கள் டம்ளர் சில நிமிடங்களில் காவி நிறமாகிக் கசடு மிதக்கும். வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கிவிடும். அந்தக் கசடு தண்ணீரிலிருந்து வந்ததில்லை. இரும்புக் கம்பி கரைந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் கடக்காது, அதனால் கம்பியும் கரையாது. அந்த ஆர்ஓ தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லிப் பாருங்கள்.

டிடிஎஸ் 500க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு, உப்பைக் குறைக்கவென்று ஆர்ஓ தேவையே இல்லை. அத்தகைய இடங்களில் அதைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. ஏற்கெனவே மாட்டியிருந்தால், கழிவாக வெளியேறும் தண்ணீரைத் தரை துடைக்க, கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் சேர்ந்துவிடும்.

கடினத் தண்ணீர் குடித்தால் கிட்னியில் கல் வரும் என்ற பயம் நம் ஊரில் அதிகம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கவில்லை. வெயிலில் அலைந்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல்லை வரவழைக்கும் வழி.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கடினத்தன்மையில் பைகார்பனேட்டால் வந்த பங்கு மட்டும் பாத்திரத்தில் படியும், கரிப்பு போகாது. படிகாரமும் தேற்றான்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும், உப்பை எடுக்காது. கெட்டிலில் படிந்ததை எடுக்க எலுமிச்சையோ வினிகரோ போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

எனக்குக் கடினத்தன்மையைவிடப் பெரிய கவலை, மாநகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வரும். குழாய்த் தண்ணீரில் லேசாக குளோரின் வாசனை இருந்தால் சந்தோஷப்படுங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதே விதி. அதைக் கழுவாத சம்பில் விட்டு, போர் தண்ணீரோடு கலந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை மீறியது போன்ற வெள்ளத்தில் போர் முழுகியிருந்தால், குளோரின் போட்டு இறைத்துக் கொட்டி, சோதித்த பிறகே குடிக்கலாம்.

சோதனைக்கு மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தை அணுகலாம். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். சுத்தமான கேனை அதே தண்ணீரில் அலசி, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டில்தான் வேண்டும். அதை அலசக்கூடாது, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். கோடையில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஒரு முறை.